கண் கண்டது மட்டும்

மூன்றே கால் மணிக்கு நாற்பத்தொன்றாம் நம்பர் கைதி என்ன செய்துகொண்டிருந்தான் என்று கொர்னேலியஸுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக எழுதாமல் இருக்க முடியுமா? அச்சடித்த தாளில் மூன்றே காலுக்கு நேராக ஒரு கட்டம் காலியாக இருந்தது. சர்க்கார் தாளில் கட்டத்தைக் காலியாக விடுவது சர்க்காரையே அவமதிப்பது. சிறை வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் கல் பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி மெட்டில்டா கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சைச் சாதத்தின் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, பென்சிலை நாக்கில் தொட்டு யோசித்தார். கண்ணை மூடினால் தானாக வந்துவிடும். மூடினார். ஒருவன் ஜன்னலருகே நிற்கிறான். தோளில் ஈரத் துண்டு. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவனைப் போல இடது கையால் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருகிறான். நாலாவது கம்பியில் கை நின்றுவிடுகிறது. கொர்னேலியஸ் கண்ணைத் திறந்தார். கட்டம் சின்னது, துண்டுக்கும் இடது கைக்கும் அதில் இடமில்லை. ‘எண் 41, ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்க்கிறான்’ என்று மட்டும் எழுதிவிட்டு மூன்றரைக்குப் போனார்.

இது ஐம்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்தது. சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கைதிகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை என்று யாரோ கேட்டுவிட, அதை ஆராய மைசூரில் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் டாக்டர் மாணிக்கவாசகம். இங்கிலாந்தில் இரண்டு வருஷமும், இங்கிலாந்தில் இருந்ததைப் பற்றிப் பேசுவதில் நாலு வருஷமும் செலவிட்டவர். கைதிகளை மேற்பார்வை செய்ய எந்த முறை சிறந்தது என்பதை விஞ்ஞானபூர்வமாக அளந்துவிடலாம் என்பது அவர் கட்சி. அளப்பதற்கு ஊருக்கு வெளியே இருந்த லாயச் சிறையைக் கொடுத்தார்கள். பெயருக்கேற்ப அது ஒரு காலத்தில் குதிரை லாயம். குதிரைகள் போய்க் கைதிகள் வந்தபோது கொட்டில், தண்ணீர்த்தொட்டி, வாசல் எதையும் மாற்றவில்லை. தீனியை மட்டும் குறைத்தார்கள்.

அங்கே மூன்று கொட்டடிகள். முதலாவதில் சம்பளக் காவலர்கள் கம்பும் கையுமாக நடப்பார்கள். இரண்டாவதில் கைதிகளிலேயே ஒருவனுக்குக் கறுப்புத் தொப்பி வைத்து மற்றவர்களை மேய்க்க விட்டிருந்தார்கள். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். மூன்றாவது கொட்டடிதான் டாக்டரின் மூளையில் பிறந்தது. அங்கே காவலனே கிடையாது. சுவரில் பழைய வைக்கோல் அறை இருந்த இடத்தில் ஒரு மரக்கூண்டு. அதன் முன்பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. கூண்டுக்குள் போகிற கதவு பின்பக்கச் சந்தில். உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று எந்தக் கைதியாலும் கண்டுபிடிக்க முடியாது.

“உள்ள ஆள் இருக்கணும்னே அவசியமில்ல, கொர்னேலியஸ். இருக்கான்னு அவன் நெனச்சா போதும்,” என்றார் டாக்டர். “ஆனா டேட்டா வேணுமே. அதுக்கு நீங்க இருங்க. கால் மணிக்கு ஒரு குறிப்பு. ஏன் செஞ்சான், எதுக்குச் செஞ்சான்னெல்லாம் எழுதாதீங்க. கண் கண்டது மட்டும்.”

கொர்னேலியஸ் ஒரே ஒருநாள் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வயது, தற்காலிகக் குமாஸ்தா, வேலை நிரந்தரமாவதற்காக ஆறு வருஷமாகக் காத்திருப்பவர். உட்காரச் சொன்னால் உட்காருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிளவு வழியாக ஐம்பது பேர் கயிறு திரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கால் மணி ஆவதற்குள் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அடுத்தவன். ஒவ்வொருவராக ஐம்பது பேரும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுப் பிளவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோபமில்லை, பயமுமில்லை. பூசை நேரத்தில் பீடத்தைப் பார்க்கிற பார்வை. அது கூடப் பரவாயில்லை. அவர்கள் பார்த்தது தன்னை அல்ல, தன் தலைக்கு ஒரு சாண் மேலே, தனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ என்று கொர்னேலியஸுக்குக் கொஞ்ச நேரத்தில் பட்டது. கூண்டில் இன்னொரு ஆள் நிற்க இடமில்லை. கையைப் பின்னால் நீட்டினார். பலகைதான். ஆனால் இப்போதுதான் யாரோ சாய்ந்திருந்து எழுந்து போனது போல அந்தப் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். அந்தச் சந்தில் வருஷம் பூராவும் வெயில் விழாது என்பதற்குச் சுவரில் அரையடிப் பாசி சாட்சி சொன்னது.

அன்றைக்குப் பூட்டியதுதான். மறுநாளிலிருந்து ஆராய்ச்சி மரத்தடிக்கு வந்துவிட்டது. நல்ல காற்று.

முதல் மாதம் எல்லாரையும் உத்தமர்களாகவே எழுதினார். யாருக்கும் கெடுதல் வேண்டாம் என்ற நல்லெண்ணம். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. “என்னய்யா இது, கயிறு திரிக்கிறான், தண்ணி குடிக்கிறான், ஜபம் பண்றான்! மைசூர் ராஜ்யத்து ரிஷிங்க அத்தனை பேரும் இங்கதான் அடைஞ்சு கெடக்காங்களா? சம்பவம் எங்க? சம்பவமில்லாம எதை அளக்கறது?” என்றார். நிரந்தர உத்தரவு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கொர்னேலியஸ் சம்பவங்களை உற்பத்தி செய்யத் தொடங்கினார். எண் 12, பக்கத்துத் தட்டிலிருந்து களியைப் பிய்த்தான். எண் 27, மூன்றாவது கல்லுக்கடியில் பீடி ஒளித்தான்.

நாலு நாள் கழித்து, தாள்களை முதலில் வாங்கிப் படிக்கிற ஜெயிலர் லிங்கப்பன் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்கு வந்தார். மீசையும் தொப்பையுமாக, இருபத்தைந்து வருஷ சர்வீஸில் எதையுமே நம்பாமல் உடம்பை வளர்த்தவர். கன்னடக்காரர், கொர்னேலியஸிடம் மட்டும் தமிழைக் கொஞ்சம் உபயோகப்படுத்திப் பார்ப்பார்.

“நோடி கொர்னேலியஸ் அவரே. மூணாவது கல்லு எடுத்தேன். பீடி இருக்கு. ஏழு பீடி.”

“எந்தக் கல்லத் தூக்கினாலும் ஜெயில்ல பீடி இருக்கும் சார்.”

“அதுதான் நானும் சொன்னேன். ஆனா அவன் கேக்காத முன்னாடியே ஒத்துக்கிறான், மாராயா! அந்தப் பன்னெண்டு நம்பர் களிக்கள்ளன்? அழுதுகிட்டு ஒத்துக்கிட்டான். இருவத்தஞ்சு வருஷம். ஒருத்தன் ஒத்துக்கிட்டதில்ல எங்கிட்ட. கைய ஒடச்சாலும் இல்லேம்பான்.” லிங்கப்பன் குரலைத் தாழ்த்தினார். “நீங்க உள்ள இருக்கறப்போ... தனியாத்தானே இருக்கீங்க?”

கொர்னேலியஸ் சிரித்து மழுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு, மூன்றாவது கொட்டடியைக் கடக்கும்போது லிங்கப்பன் பூட்ஸ் சத்தம் கேட்காமல் நுனிக்காலில் நடப்பதைப் பார்த்தார். கைதிகள் கூண்டுக்கு முன்னால் தினம் ஒரு செம்பருத்தி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் அதையும் ஒரு பத்தியில் பதிந்தார்: ‘மேற்பார்வை முறையின்பால் கைதிகளின் மனப்பான்மை, சாதகம்.’

நாற்பத்தொன்று என்பது வெறும் வரிசை எண். நாற்பதைப் பற்றி எழுதியாயிற்று, அடுத்தது நாற்பத்தொன்று. அவ்வளவுதான் கொர்னேலியஸுக்கு அதில் இருந்த விரோதம். அந்த எண்ணுக்குள் செல்லக்கண்ணு என்று ஒரு ஆள் இருந்தான். ஊர் மார்டள்ளி. குண்டலுபேட்டைச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போன இடத்தில் எல்லைச் சாவடிச் சேவகன் ஒருவனை அடித்து, ஐந்து வருஷம் வாங்கியவன். அதில் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி. குடியரசு நாளுக்கு நல்லொழுக்கத்தின் பேரில் விடுதலையாகப்போகிற ஏழு பேரில் அவன் பெயரும் இருந்தது. ஊருக்குக் கடிதம் போய்விட்டது. அவன் மனைவி வடிவு இருபத்தாறாம் தேதிக் காலையில் வாசலில் வந்து நிற்பதாகப் பதிலும் வந்துவிட்டது. இதெல்லாம் கொர்னேலியஸுக்குத் தெரிந்தது, பட்டியலில் ஏழு ஆறான பிறகு. கம்பியை அசைக்கிறவனைத் தப்பிக்க யோசிக்கிறவன் என்று சட்டம் சொல்கிறது. அவனை விடுவதற்கில்லை.

வீட்டில் மெட்டில்டா தன் நர்ஸ் குல்லாய்க்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“நீங்க பாத்தீங்களா?”

“எத?”

“அவன் கம்பிய அசைச்சத.”

“இல்ல.”

குல்லாயைப் பிழிந்தாள். “ஆஸ்பத்திரியில நாங்க காய்ச்சல் பாக்காம சார்ட்டுல நம்பர் போட்டா என்ன ஆகும் தெரியுமாங்க? ஆளு செத்துப்போவான். சார்ட்டுல நல்லாத்தான் இருப்பான்.”

“வேலை போயிரும் மெட்டில்டா.”

“போகட்டும், ஆய்து, விடுங்க. ஆறு வருஷமா வராத வேலை போறதுக்கு என்ன இருக்கு? நா சம்பாதிக்கிறேன்ல? போய்ச் சொல்லுங்க.”

டாக்டரிடம் போகுமுன் செல்லக்கண்ணுவிடம் போனார். அவன் மறுத்துவிட்டால் தன் பொய் தானாகவே செத்துப்போகும், தான் சாகவேண்டியதில்லை என்று ஒரு கணக்கு. மற்றவர்கள் கொட்டடியில் இருந்த நேரம், தண்ணீர்த்தொட்டியருகே அவன் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், பல் எடுப்பு, நரைக்க ஆரம்பித்த கிருதா. இவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

“செல்லக்கண்ணு, நீ கம்பிய அசைக்கல. அசைக்கலன்னு ஜெயிலர்ட்ட சொல்லு. நா வந்து ஆமாங்கிறேன். உன் பேரு திரும்ப லிஸ்ட்ல வந்துரும்.”

“அசைச்சனுங்களே சாமி.”

“இல்லய்யா. நா சொல்றேன் கேளு. நீ அசைக்கவே இல்ல.”

“எப்படிங்க பொய் சொல்றது? ஓடோணும்னு இல்லீங். எதுக்குத் தொட்டேன்னு எனக்கே தெரியலீங். குளிச்சுப்போட்டு ஈரத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னனுங். எடது கையில ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே வந்தனுங். நாலாவதுல கையி நின்னு போச்சுங்.” இடது கையை ஈரத்தோடு அந்தரத்தில் நிறுத்திக் காட்டினான். “சந்தையில மாட்டுப் பல்லப் பாக்கறாப்புல பாக்கறமேன்னு கூட ஒரு நெனப்பு வந்துச்சுங். நீங்கதான் பாத்துக்கிட்டிருந்தீங்களே.”

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்து கொர்னேலியஸின் செருப்பை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை. துண்டை அவர் எழுதவில்லை. இடது கையை எழுதவில்லை. மாட்டுப் பல்லை மெட்டில்டாவிடம் கூடச் சொல்லவில்லை.

“வடிவு வந்து நிப்பாளுங்,” என்றான் செல்லக்கண்ணு, சர்வசாதாரணமாக. “வர வேண்டாம்னு ஒரு கடுதாசி போடறீங்களா சாமி? இல்லீன்னா அது பாட்டுக்கு வந்து நின்னுக்கிட்டே இருக்கும்.”

குக்கரஹள்ளி ஏரிக்கரைப் பக்கம் டாக்டரின் ஆபீஸ். மேஜைமேல் அறிக்கை முந்நூறு பக்கத்துக்கு உயர்ந்து நின்றது. கொர்னேலியஸ் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். கூண்டில் உட்காரவில்லை, மரத்தடியில் உட்கார்ந்தேன், அத்தனையும் கற்பனை. டாக்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“அதாவது, நீங்க பாக்காமலே எழுதினீங்க. அவன் செய்யாமலே ஒத்துக்கறான். கொர்னேலியஸ், இதவிட ஒரு மேற்பார்வை முறைக்கு என்னய்யா வெற்றி வேணும்? ஆளே வேண்டாம். சம்பளமே வேண்டாம்! தனி அத்தியாயமாவே போட்டுடலாம்.”

“சார், அவன் பேர லிஸ்ட்ல சேக்கணும்.”

“எப்படிச் சேக்கறது? அவன்தான் ஒத்துக்கிட்டானே.”

“நா எழுதினது பொய் சார்.”

“பொய்னா அவன் ஏன் மெய்ங்கறான்? கைதி சொல்றத ஒரு குமாஸ்தா மறுக்கறதுக்கு விஞ்ஞானத்துல இடமில்ல.” டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்து, அதன்மேல் விரலை வைத்தார். “உங்க பர்மனென்ட் ஆர்டர். இப்பத்தான் டைப் ஆகி வந்தது. போய் வேலையப் பாருங்க.”

“நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வந்து அந்தக் கூண்டுல உட்காந்து பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க.”

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுக் கைப்பிடியை விடாமல், கதவைப் பார்த்தபடியே, பிரசங்கக் குரலெல்லாம் போய் ஒரு சாதாரணத் தஞ்சாவூர்க் குரலில் கேட்டார்:

“பின்பலக இன்னமும் வெதுவெதுன்னுதான் இருக்கா?”

அதைப் பற்றிக் கொர்னேலியஸ் யாரிடமும் வாயைத் திறந்ததே இல்லை.

நிரந்தர உத்தரவு சட்டைப் பையில் இருந்தது. இருபத்தைந்தாம் தேதி பிற்பகல் அவர் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு புதிய தாளை எடுத்தார். கடிதாசி போடவில்லை. மார்டள்ளிக்குப் போய்ச் சேர இனி நேரமுமில்லை. எழுதியதெல்லாம் நடக்கிறதென்றால் ஒருமுறையாவது நல்லது எழுதிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றியது. படித்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், செய்கிற காரியமா இது? இல்லைதான். ஆனால் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மேலே தேதியை 26 ஜனவரி என்று போட்டார். எட்டேகால் மணிக் கட்டத்தில், மூன்று மாதப் பழக்கத்தில் கை தானாகவே எழுதியது: ‘எண் 41, பிரதான வாசல் வழியாக வெளியே நடந்து போகிறான்.’ கண் கண்டது மட்டும். யார் விட்டார்கள், எந்த உத்தரவின் பேரில் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் பத்தியே கிடையாது. இந்தத் தடவை கண்ணை மூடிப் பார்க்கவும் இல்லை. எழுதி, மடித்து, லிங்கப்பனின் மேஜையில் மற்றத் தாள்களோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

குடியரசு நாள் காலையில் லாயச் சிறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாவிலைத் தோரணம், சுண்ணாம்புக் கோடு, போலீஸ் பாண்டு. கொர்னேலியஸ் லிங்கப்பனைப் பிடித்து, “லிஸ்ட்ல எத்தன பேரு?” என்று கேட்டார்.

“ஆறு. அதே ஆறு.” லிங்கப்பன் முகம் நேற்றுக் குடித்தவன் முகம் மாதிரி இருந்தது. “நேத்து உங்க தாளப் பாத்தேன். தேதி தப்பாப் போட்டிருக்கீங்க. ஒண்ணும் பேசாதீங்க இப்போ, தயவு மாடி.”

விழா எட்டு மணிக்கு. கொடியேற்ற வரவேண்டிய பெரிய மனிதர், பெரிய மனிதருக்குரிய பத்து நிமிஷத் தாமதத்தோடு வந்தார். அவருடைய கார் உள்ளே வருவதற்காக இரட்டைக் கதவையும் அகலத் திறந்தார்கள். திறந்தபடியே இருந்தது. விடுதலையாகிற ஆறு பேர் புது வேட்டியில் முன்வரிசையில் நின்றார்கள். மற்றக் கைதிகள் பின்னால், கொட்டடிக் கொட்டடியாக. காவலர் அத்தனை பேரும் இரண்டு பக்கமும் விறைப்பாக. டாக்டர் கோட்டு சூட்டில், அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய மனிதருக்குப் பக்கத்தில். கயிறு சிக்கி, விடுபட்டு, கொடி மேலே போய் விரிந்தது. உள்ளேயிருந்த நாலு பூ உதிர்ந்தது. பாண்டு தேசிய கீதத்தை எடுத்தது.

கொர்னேலியஸ் தலையைத் திருப்பாமல் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டேகால்.

எல்லாருடைய கண்ணும் கொடியில் இருந்தது. மதிலின்மேல் நின்ற இரண்டு சென்ட்ரிகளும் துப்பாக்கியை மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசல் காவலன் சல்யூட் அடித்த கையோடு சிலையாக நின்றான். அந்த ஒரு நிமிஷத்துக்கு, அறிக்கையின் முந்நூறு பக்கத்திலும் சொல்லப்படாத ஒரு முறைப்படி, சிறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது கொட்டடி வரிசையின் கோடியிலிருந்து ஒருவன் பிரிந்து நடந்தான். கம்பளியை மடித்துத் தோளில் போட்டிருந்தான். ஓடவில்லை, பதுங்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் நடை. காக்கி முதுகுகளின் வரிசைக்குப் பின்னால், பாதி தூக்கத்தில் இருப்பவனைப் போல, நேராகத் திறந்த வாசலைப் பார்த்து நடந்தான்.

கூப்பிட வேண்டும் என்று கொர்னேலியஸுக்குத் தோன்றியது. கூப்பிட்டால் நூறு முகம் திரும்பும், இரண்டு துப்பாக்கி கீழே இறங்கும். கூப்பிடாவிட்டால் கீதம் முடியும்போது அதேதான் நடக்கும். எதிரே லிங்கப்பன் ஒருவர்தான் கொடியைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

செல்லக்கண்ணு காரைத் தாண்டினான். வாசல் காவலனின் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தான். வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், மூட்டையோடு குந்தியிருந்த ஒரு பெண் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கீதம் கடைசி அடிக்கு வந்துவிட்டது. அவனுடைய ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது, ஒரு கால் இன்னும் உள்ளே இருந்தது. பாண்டில் பெரிய கொம்பு ஊதுகிறவன், கடைசிச் சுரத்துக்காக மூச்சை நிறைய இழுத்து, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு நின்றான்.